முதல் பைக்: ஓட்டுவதற்கு முன் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

பைக் வாங்க எடுத்து வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே தனியாக ஒதுக்கிவிடுங்கள். அது ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், கணுக்காலை மூடும் ஷூ ஆகியவற்றுக்கு. பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர் எதிர். கையில் இருந்ததெல்லாம் வண்டிக்கே போய்விடும். ஹெல்மெட் வண்டியோடு சும்மா கொடுத்ததாக இருக்கும். கையுறை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற கணக்கில் சேர்ந்துவிடும். அந்த அப்புறம் வருவதே இல்லை.

ஓட்டக் கற்பதிலும் இதே தலைகீழ்தான். கிளம்பத் தெரிந்துவிட்டால் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நான்கு கியரும் போட்டு நேராக ஒரு கிலோமீட்டர் போக அரை நாள் போதும். ஆனால் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கார் திடீரென்று மூக்கை நீட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கை கால்கள் யோசிக்காமல் செய்யப் பல வாரங்கள் ஆகும். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் நடந்த 900-க்கும் மேற்பட்ட பைக் விபத்துகளை ஒவ்வொன்றாக அலசி 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பழைய ஆய்வுதான், ஆனால் அதில் உள்ள விஷயங்களைப் படித்தால் இன்றைய சாலை மாதிரியே இருக்கும். இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு, அந்த இன்னொரு வண்டி பைக்குக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையாகப் பயிற்சி எடுக்காதவர்கள். தானாகவோ, வீட்டாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். ஆபத்து தெரிந்த நொடியிலிருந்து மோதும் வரை அவர்களுக்குக் கிடைத்த நேரம் 2 விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் செய்தது என்ன தெரியுமா? பின் பிரேக்கை ஏறி மிதித்துச் சக்கரத்தை இழுக்கவிட்டார்கள். முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. வண்டியை ஒதுக்கித் தப்பிக்கும் பழக்கம் கிட்டத்தட்ட யாரிடமும் இல்லை.

ஆக, எதைக் கற்க வேண்டும் என்ற பட்டியல் நாற்பது வருடங்களுக்கு முன்பே தயாராகிவிட்டது.

எந்த வண்டி

முதல் வண்டி என்பது கற்றுக்கொள்ளும் வண்டி. ஆசைப்பட்ட வண்டியாக அது இருக்க வேண்டியதில்லை. 'பெரிய வண்டியாகவே வாங்கிவிடு, போகப் போகப் பழகிவிடும்' என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கீழே விழுந்தால் தனியாகத் தூக்கி நிறுத்த முடியாத வண்டியில் யாரும் தைரியமாகப் பயிற்சி செய்ய மாட்டார்கள். பயிற்சி செய்யாமல் ஓட்டத்தான் செய்வார்கள்.

நெரிசலான ஊரில் ஓட்டுவதானால் 100 முதல் 160 சிசி வரை தாராளமாகப் போதும். இந்த வகை வண்டிகள் பெரும்பாலும் 110 முதல் 150 கிலோ எடைக்குள் இருக்கும். அதிவேகச் சாலையில் தினமும் போக வேண்டியிருந்தால் 250 முதல் 400 சிசிக்குள், அமைதியான குணமுள்ள ஒன்றைப் பாருங்கள். சிசி மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. லேசாக முறுக்கினாலே துள்ளிப் பாயும் சிறிய வண்டியும் உண்டு, சாதுவாக நகரும் பெரிய வண்டியும் உண்டு. புதியவருக்குச் சாதுவானதுதான் வேண்டும், ஏனென்றால் பள்ளத்தில் ஒரு குலுங்கல் வந்தால் கை அறியாமல் கொஞ்சம் முறுக்கிவிடும்.

உட்கார்ந்து பாருங்கள். சீட்டில் இருந்தபடி இரண்டு பாதத்தின் முன்பகுதியும் தரையில் அழுத்தமாகப் பதிய வேண்டும். ஒரு காலை மட்டும் ஊன்றினால் அந்தக் கால் முழுப் பாதமாகப் பதிய வேண்டும். நுனி விரலில் நிற்க வேண்டியிருந்தால் சமதளத்தில் சமாளிக்கலாம். சரிவான இடத்தில், சின்னக் கல் ஒன்று காலடியில் உருண்டால் வண்டி சாய்ந்துவிடும். சீட் உயரம் 780 முதல் 800 மில்லிமீட்டர் என்பது பலருக்கும் ஒத்துவரும். ஆனால் காகிதத்தில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். அகலமான சீட் கால்களை விரித்துவிடுவதால் உயரம் குறைவாக இருந்தும் கால் எட்டாது.

அடுத்து இறங்கி நின்று, எஞ்சினை அணைத்தபடி வண்டியைப் பத்தடி பின்னுக்குத் தள்ளி, திருப்பி, மறுபடி நிறுத்திப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அந்த வண்டி வேண்டாம். தினமும் இரண்டு வேளை செய்யப்போகிற வேலை இது.

உடலை முன்னே வளைத்து மணிக்கட்டில் எடை விழும்படி ஓட்டும் பந்தய பாணி வண்டிகளில் ஹேண்டில்பார் கொஞ்சமாகத்தான் திரும்பும். மெதுவாகத் திருப்பிப் பழகுவதற்கு அது பெரிய தொல்லை. சாய்ந்து உட்கார்ந்து நீண்ட தூரம் போவதற்கான க்ரூசர் வகையில் சீட் தாழ்வு என்றாலும் எடை அதிகம். நிமிர்ந்து உட்காரும், சாதாரண ஹேண்டில்பார் உள்ள வண்டிதான் பள்ளிக்கூடம்.

ஏபிஎஸ் இருக்கிற வண்டியை வாங்குங்கள். அவசரமாகப் பிடிக்கும்போது சக்கரம் முழுதாக நின்றுவிடாமல், விநாடிக்குப் பலமுறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் ஏற்பாடு அது. 1988-இல் பிஎம்டபிள்யூ தன் கே100 வரிசை பைக்கில் முதன்முதலாகக் கொண்டுவந்தபோது அது எடை கூடிய ஆடம்பரமாகப் பார்க்கப்பட்டது. இன்று சிறிய வண்டிகளிலும் வருகிறது. சில வண்டிகளில் ஒற்றைச் சேனல் ஏபிஎஸ் இருக்கும், அது முன் சக்கரத்துக்கு மட்டும். இரட்டைச் சேனல் இரண்டு சக்கரத்துக்கும். கூடுதல் குதிரைத்திறனா ஏபிஎஸ்ஸா என்ற நிலை வந்தால் நான் யோசிக்கவே மாட்டேன், ஏபிஎஸ்தான்.

கியரில்லாத ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஸ்கூட்டரில் இடது கை லீவர் பின் பிரேக். பைக்கில் அதே இடத்தில் க்ளட்ச், அதாவது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடியை விடுவிக்கும் லீவர். பதற்றத்தில் பழைய பழக்கம் தலைதூக்கும். இடது கை லீவரை இறுகப் பிடிப்பீர்கள், வண்டி நிற்காது, எஞ்சினின் பிடியும் விட்டுப்போய் உருண்டுகொண்டே போகும். 'எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே' என்று மைதானப் பயிற்சியைத் தாண்டிப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பழைய வண்டி வாங்குவதானால்

கற்கும் வண்டி எப்படியும் ஒருமுறையாவது கீழே விழும். அந்த வகையில் பழையதை வாங்குவது புத்திசாலித்தனம். பார்க்கப் போகும்போது விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் வேலையாக எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் இருக்கலாம், ஆறட்டும் என்று காத்திருங்கள். புகைபோக்கியில் தொடர்ந்து நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது என்று அர்த்தம்.

ஹேண்டில்பார் முனை, க்ளட்ச் லீவரின் உருண்டை நுனி, ஃபுட்ரெஸ்ட் ஓரம், சைலன்சரின் பக்கவாட்டு: இந்த இடங்களில் உராய்வு இருந்தால் வண்டி விழுந்திருக்கிறது. நின்ற இடத்தில் சாய்ந்திருந்தால் பரவாயில்லை. நீளமான கோடுகளாக இழுபட்டிருந்தால் ஓட்டத்தில் விழுந்தது. அப்போது முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நேராக இருக்கிறதா, கையை லேசாக வைத்து ஓட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் படிந்திருந்தால் சீல் போயிருக்கிறது.

செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல் சக்கரத்தின்) கடைசிப் பக்கத்தில் விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பல் பாதி தெரியும் அளவுக்குச் செயின் எழும்பினால் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் மாற்ற வேண்டியவை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பார்க்கப் புதுசு போல இருக்கும் டயர் பத்து வயதானதாக இருக்கலாம். ரப்பர் காய்ந்து இறுகிவிட்டால் ஈரத்தில் பிடிப்பு இருக்காது. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

தலையிலிருந்து கால் வரை

முதல் உலகப் போரில் அரேபியப் பாலைவனத்தில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி.இ. லாரன்ஸ் 1935 மே மாதம் தன் பிரஃப் சுப்பீரியர் பைக்கில் போகும்போது விபத்துக்குள்ளாகி, தலைக் காயத்தால் சில நாட்களில் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் நரம்பியல் அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். பைக் ஓட்டுபவர்களின் தலைக் காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, ஹெல்மெட் உயிர் காக்கிறது என்று அவர் எழுதிய கட்டுரை 1941-இல் வெளியானது. அதன் பிறகு உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், ஹெல்மெட் இறக்கும் அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும், தலைக் காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தாடையையும் மூடும் முழு ஹெல்மெட்டாக வாங்குங்கள். இசிஇ, டாட், ஐஎஸ்ஐ போல உங்கள் நாடு ஏற்கும் தர முத்திரை இருக்க வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலே டேப்பைச் சுற்றி அளவெடுத்து, அந்த அளவைப் போட்டுப் பாருங்கள். கன்னம் கொஞ்சம் உள்ளே அமுங்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து இடம் வலமாக அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் சுற்றினால் அது பெரியது. வார் மாட்டிய பிறகு பின்னாலிருந்து மேல்நோக்கி உருட்டிக் கழற்ற முயன்று பாருங்கள். கழன்று வந்தால் விபத்திலும் கழன்றுவிடும். கால் மணி நேரம் போட்டிருந்து, நெற்றியில் ஒரே இடத்தில் வலி எடுக்கிறதா என்று கவனியுங்கள். புது ஹெல்மெட் நாளாக ஆக லேசாகத் தளரும், அதனால் கடையில் 'வசதியாக' இருப்பது ஆறு மாதத்தில் லொடலொட என்றாகிவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. உள்ளே இருக்கும் வெள்ளை நுரை நசுங்கித்தான் அடியை வாங்குகிறது, நசுங்கியது திரும்ப எழாது.

விழுகிற மனிதன் முதலில் கையைத்தான் ஊன்றுவான். அதனால் கையுறையை ஜாக்கெட்டுக்கு முன்பே வாங்கினாலும் தவறில்லை. ஷூ லேஸை உள்ளே செருகிவிடுங்கள். தொங்கும் லேஸ் கியர் லீவரில் சுற்றிக்கொண்டால் நிறுத்தும்போது கால் தரைக்கு வராது, நின்ற இடத்திலேயே மரம் மாதிரிச் சாய்வீர்கள்.

மைதானத்தில்

பயிற்சிப் பள்ளி இருந்தால் அங்கே சேருங்கள். அவர்கள் வண்டியைக் கீழே போட்டுக் கற்பது உங்கள் வண்டியைப் போடுவதைவிட மேல். பள்ளி இல்லையென்றால் பொறுமைசாலியான ஒருவரும், காலியான, தளம் போட்ட ஒரு பெரிய இடமும் வேண்டும். கற்றுத்தருபவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஹேண்டில்பாரைத் தானும் பிடிக்கும் முறை வேண்டவே வேண்டாம். இரண்டு பேர் மூளை ஒரு ஹேண்டில்பாரைத் திருப்பினால் வண்டி யார் பேச்சையும் கேட்காது. அவர் கீழே நின்று பார்க்கட்டும்.

முதலில் எஞ்சினே வேண்டாம். முன் பிரேக்கைப் பிடித்தபடி இடது பக்கத்திலிருந்து ஏறுங்கள், இறங்குங்கள். உட்கார்ந்து வண்டியை இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்து, எந்தக் கோணத்தில் எடை திடீரென்று கையில் இறங்குகிறது என்று உணருங்கள். சைடு ஸ்டாண்டைப் பார்க்காமல் போடவும் எடுக்கவும் பழகுங்கள். வலது கை லீவர் முன் பிரேக், வலது கால் பின் பிரேக், இடது கை க்ளட்ச், இடது கால் கியர். பெரும்பாலான வண்டிகளில் முதல் கியர் கீழே, அரைத் தட்டு மேலே நியூட்ரல், மற்றவை அதற்கும் மேலே. எல்லாமே ஒரே பக்கம் போகும் வண்டிகளும் உண்டு, உங்களுடையது எது என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், க்ளட்சை மட்டும் மில்லிமீட்டர் கணக்கில் விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் கம்மும், வண்டி முன்னால் போகத் துடிக்கும். அதுதான் க்ளட்ச் பிடிக்கும் இடம். அங்கேயே கையை நிறுத்துங்கள். வண்டி நடை வேகத்தில் நகரும். மறுபடி க்ளட்சைப் பிடியுங்கள், நிற்கும். நகர்வதும் நிற்பதுமாக இதையே செய்துகொண்டிருங்கள், சலிப்புத் தட்டும் வரை. கால்கள் தரையை உரசிக்கொண்டே வந்தால் போதும். வண்டி ஆஃப் ஆனால் ஆகட்டும். புதியவர்கள் ஆஃப் ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் அதிகமாக முறுக்கிவிட்டு, க்ளட்சைச் சடாரென்று விட்டுக் குதிக்கிறார்கள்.

குதித்தால் நடப்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி முன்னே பாயும், உடல் பின்னால் தள்ளப்படும், வலது கை ஹேண்டில்பாரில் தொங்கும், தொங்கும்போது மணிக்கட்டு கீழே இறங்கி இன்னும் முறுக்கும். வண்டி இன்னும் பாயும். சுவரில் போய் முட்டும் வரை விடாதவர்கள் உண்டு, பயத்தில் கை இறுகிவிடுவதால். தீர்வு இரண்டு. ஒன்று, உட்கார்ந்து பிடிக்கும்போதே வலது மணிக்கட்டு நேராக இருக்கும்படி பிடியை வைத்துக்கொள்வது. முறுக்கிய நிலையில்தான் நேராக வருகிறது என்றால் பிடி தப்பு. இரண்டு, எது நடந்தாலும் இடது கை க்ளட்சைப் பிடிக்க வேண்டும் என்ற பழக்கம். க்ளட்ச் பிடித்துவிட்டால் எஞ்சின் கத்தும், வண்டி பாயாது. உதவிக்கு நிற்பவர் எதிர்பாராமல் 'க்ளட்ச்!' என்று கத்தட்டும், நீங்கள் பிடியுங்கள். விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் உருப்படியான பயிற்சி.

அடுத்து இரண்டாவது, மூன்றாவது கியர், மறுபடி இறக்குவது. இது சீக்கிரம் வந்துவிடும். எஞ்சின் திணறினால் இறக்குங்கள், அலறினால் ஏற்றுங்கள், அவ்வளவுதான்.

மெதுவாகத் திரும்புவதில்தான் நேரம் செலவாகும். நடை வேகத்தில் க்ளட்சைப் பாதி பிடித்தபடி, லேசாக முறுக்கி, பின் பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அந்த இடத்திலேயே படுத்துவிடும். கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கே போகும். முன் சக்கரத்தைப் பார்த்தால் தள்ளாடும். தாடையைத் தோள் பக்கம் திருப்பி, போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்த்தால் வட்டம் தானாகச் சுருங்கும். முதலில் பெரிய வட்டம், பிறகு சின்ன வட்டம், பிறகு எட்டு போடுவது. எட்டு போடுவதை லைசென்ஸுக்கான சடங்கு என்று நினைக்காதீர்கள். நெரிசலில் கால் ஊன்றாமல் ஊர்ந்து போகும் திறமை அதில்தான் வருகிறது.

வண்டி கீழே விழுந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, கியரில் போட்டுக்கொள்ளுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்து வையுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக் கொடுத்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்னால் உள்ள கம்பியையும் பிடித்து, கால்களால் பின்னோக்கித் தள்ளி நடந்தபடி எழுப்புங்கள். குனிந்து முதுகால் தூக்கினால் வண்டி எழும், முதுகு ஒரு வாரம் எழாது.

பிரேக்

முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி அடித்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போதோ, மணலிலோ, சட்டென்று சுண்டிப் பிடித்தாலோ அது விழவைக்கும். மற்றபடி வண்டியை நிறுத்துவதே முன் பிரேக்தான். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. முன் டயர் தரையில் அழுந்துகிறது, பிடிப்பு கூடுகிறது. பின் டயர் லேசாகிறது. நிறுத்தும் வேலையில் முக்கால் பங்குக்குக் கிட்ட முன் சக்கரம் செய்கிறது. லேசாகிப்போன பின் சக்கரத்தை ஏறி மிதித்தால் அது சுழல்வதை நிறுத்திவிட்டு, இழுபட்டபடி பக்கவாட்டில் ஆடும்.

ஆனால் அந்த எடை முன்னால் வந்து சேர ஒரு கணம் ஆகிறது. அதனால்தான் சுண்டிப் பிடிக்கக் கூடாது, பிழிய வேண்டும். ஈரத்துணியைப் பிழிவது போல: முதலில் லேசாக, உடனே இறுக்கமாக, நிற்கும் வரை கூட்டிக்கொண்டே. முதல் லேசான பிடியில் முன் ஃபோர்க் அமுங்குவதைக் கையில் உணரலாம். அமுங்கியதும் மேலும் பிழியலாம், டயர் தாங்கும்.

மைதானத்தில் ஒரு கோடு போடுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் வந்து, கோட்டைத் தொட்டதும் இரண்டு பிரேக்கையும் க்ளட்சையும் பிடித்து நில்லுங்கள். கண் தூரத்தில் இருக்கட்டும், ஹேண்டில்பார் நேராக இருக்கட்டும், கடைசி நொடியில் இடது காலை ஊன்றுங்கள். நின்ற இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். அடுத்த முறை கல்லுக்கு முன்பே நிற்கப் பாருங்கள். 20 சரியாக வந்த பிறகு 30, அப்புறம் 40. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி கோணலாகப் போய்விட்டால், ஏபிஎஸ் இல்லாத வண்டியில் பின் பிரேக்கைத் திடீரென்று விடாதீர்கள். சக்கரம் சட்டென்று பிடிப்புப் பெற்று உங்களை மறுபக்கம் தூக்கி எறியும். அப்படியே நிற்க விடுங்கள். முன் சக்கரம் பூட்டினால் நேர்மாறு: அந்த நொடியே விட்டு, மறுபடி பிழிய வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் லீவர் கைக்குள் துடிக்கும், பயந்து விட்டுவிடாதீர்கள். துடித்தால் அது வேலை செய்கிறது, நீங்கள் அழுத்திக்கொண்டே இருங்கள்.

இந்தக் கணக்கையும் மனதில் வையுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில், ஆபத்தைக் கண்டு கை அசைய ஒரு விநாடி என்று வைத்தால் அதற்குள் 8 மீட்டர் போயிருப்பீர்கள், நல்ல காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13. அதுவே 60 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடியில் 17 மீட்டர், நிற்க இன்னும் 20. மொத்தம் 37. வேகம் இரண்டு மடங்கு, பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்கு. இதுவும் பிரேக் பிடிக்கப் பழகியவருக்கான கணக்கு. பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவருக்கு அந்த 20 மீட்டர் சுலபமாக 40 ஆகிவிடும்.

திருப்பமும் ஒதுங்கலும்

சுமார் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பைக் வேறு விதமாகத் திரும்புகிறது. இடது பக்கம் போக வேண்டுமானால் இடது பிடியை முன்னால் தள்ள வேண்டும். கேட்டால் குழப்பமாக இருக்கும். தள்ளினால் முன் சக்கரம் கணநேரம் வலப்பக்கம் போகும், வண்டி இடப்பக்கம் சாயும், சாய்ந்த பக்கம் திரும்பும். சைக்கிள் ஓட்டிய எல்லோரும் இதை அறியாமலே செய்திருக்கிறார்கள். அறிந்து செய்யப் பழகினால்தான் அவசரத்தில் கைகொடுக்கும். காலி இடத்தில் 30 கிலோமீட்டரில் நேராகப் போய், இடது உள்ளங்கையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். வண்டி உடனே பதில் சொல்லும். பிறகு இரண்டு டப்பாக்களை வைத்து, அவற்றை நோக்கி வந்து கடைசியில் தள்ளி ஒதுங்குங்கள், உடனே மறுபக்கம் தள்ளி நேராகுங்கள். ஒதுங்கும்போது பிரேக் வேண்டாம். டயரின் பிடிப்பு ஒன்றுதான், அதைத் திருப்பத்துக்கும் பிரேக்குக்கும் ஒரே நேரத்தில் முழுதாகச் செலவழிக்க முடியாது.

சாலை வளைவிலும் இதே விதி. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவின் கடைசி வரை பார்த்து, தள்ளிச் சாய்த்து, லேசாக முறுக்கியபடி வெளியே வாருங்கள். உள்ளே போன பிறகுதான் வேகம் அதிகம் என்று தெரிந்தால், பதறி ஓரத்துப் பள்ளத்தையோ எதிரே வரும் லாரியையோ பார்க்காதீர்கள். பார்த்தால் அங்கேதான் போவீர்கள். போக வேண்டிய பாதையைப் பார்த்து இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். புதியவர்கள் விழும் வளைவுகளில் பலவற்றை அந்த வண்டி அதே வேகத்தில் சுலபமாக எடுத்திருக்கும்; ஓட்டியவர்தான் சாய்க்கப் பயந்திருப்பார்.

சாலைக்கு

விடியற்காலை, காய்ந்த சாலை, தெரிந்த பாதை, அரை மணி நேரம், பின்னால் யாரும் இல்லை. முதல் சில வாரங்களுக்கு இதுவே போதும். இருட்டு, மழை, நெடுஞ்சாலை, பின்னால் ஆள் என்ற நான்கையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் இரண்டைச் சேர்க்காதீர்கள்.

உங்களை யாரும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். முன்னிருந்து பார்த்தால் பைக் மிகச் சிறிய உருவம். சிறியதாகத் தெரிவது தூரத்தில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் தோன்றும். அதனால்தான் சந்திப்பில் நிற்கும் கார்க்காரர் உங்களை நேராகப் பார்த்துவிட்டும் வண்டியை எடுக்கிறார். அவர் கண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அவர் காரின் முன் சக்கரத்தைப் பாருங்கள். கார் நகர்கிறதா என்பதை முதலில் சொல்வது சக்கரம்தான். ஒவ்வொரு சந்திப்புக்கு முன்பும் ஆக்சிலரேட்டரை விட்டு, இரண்டு விரலை முன் பிரேக் மேல் போட்டு வைத்தால், கை அசைய ஆகும் அந்த ஒரு விநாடியில் கொஞ்சம் மிச்சம்.

முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடக்கும்போது 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் கம்பத்தைத் தொட்டுவிட்டால் ஒட்டிப் போகிறீர்கள். மழையில் நான்கு வரை எண்ணுங்கள். லாரியின் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் அதிகம் வழுக்கும், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மிதந்து மேலே வருவதால். ஒதுங்கி ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம். சாலையில் அடித்த வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, தண்டவாளம், காய்ந்த இலை இவற்றின் மேல் போகும்போது வண்டி நிமிர்ந்திருக்கட்டும், பிரேக் வேண்டாம். தண்டவாளத்தை முடிந்தவரை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும்.

புது வண்டியானால் புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை அதிகம் சாய்க்காதீர்கள். காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை, டயர் சூடேறுவதற்கு முன் பாருங்கள். செயினைச் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள். எவ்வளவு தொய்வு இருக்க வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். துடைக்கும்போது எஞ்சின் ஓடக் கூடாது. சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். ஓடும் செயினில் துணியோடு விரலும் போய்விடும்.

பின்னால் ஆள் ஏற்றும் நாளில், வண்டி நின்று, நீங்கள் இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து 'ஏறலாம்' என்று சொன்ன பிறகுதான் அவர் ஏற வேண்டும், இறங்கும்போதும் அப்படியே. வளைவில் உங்கள் தோளை ஒட்டியே இருக்கச் சொல்லுங்கள், எதிர்ப்பக்கம் நிமிர வேண்டாம். கிளம்பிய முதல் தெருவிலேயே ஒருமுறை நன்றாக பிரேக் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், நிற்கும் தூரம் மாறியிருக்கும்.

ஹர்ட் குழுவின் அறிக்கையில் இன்னொரு தகவலும் உண்டு. விபத்தில் சிக்கியவர்கள் சராசரியாக மூன்று ஆண்டுக்குக் கிட்ட சாலையில் ஓட்டியவர்கள். ஆனால் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லை. நண்பரின் வண்டியை வாங்கி ஒரு சுற்றுப் போகும்போதும், இரண்டாவது வண்டிக்கு மாறும்போதும், முதலில் காலியான இடத்துக்குக் கொண்டுபோய், கோடு போட்டு, 20-இல் தொடங்கி பிரேக் பிடித்துப் பாருங்கள்.